வெளுத்ததெல்லாம் பால்: வீடியோ கேமும் ஹெச்டிஆர் ஜல்லியும்

கம்ப்யூட்டர் கேம் உலகத்தில் இருபது வருஷமாக ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு பெரிய வியாபாரம் நடக்கிறது. ஹெச்டிஆர். விரித்துச் சொன்னால் ஹை டைனமிக் ரேஞ்ச். 2005 வாக்கில் கிராபிக்ஸ் கார்டு விற்க இந்தப் பெயர் உதவியது. 2016க்குப் பிறகு டிவி விற்க உதவியது. இப்போது மலிவு விலை செல்போன் பெட்டியில்கூட அச்சடித்து வருகிறது. வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது என்னவென்று தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது. "இது ஹெச்டிஆர் சார், சூப்பரா இருக்கும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், ஹெச்டிஆர் என்பது டுபாக்கூர் சமாச்சாரமே கிடையாது. கேம் கிராபிக்ஸில் வந்த மிக நேர்மையான யோசனைகளில் அதுவும் ஒன்று. அந்த நல்ல சரக்கின் பெயரில் கண்டதையும் கட்டி விற்கிறார்கள் என்பதுதான் இங்கே குற்றச்சாட்டு.

முதலில், அது என்ன?

சேலத்துக்காரர்களுக்கும் நாமக்கல்காரர்களுக்கும் இதை விளக்க லேப் எதுவும் தேவையில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நாமக்கல்லில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனால் போதும். பதினெட்டு அடி ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் கண் கூசும். அங்கிருந்து அப்படியே நடந்து போய் மலையைக் குடைந்த நரசிம்மர் சன்னதிக்குள் நுழைந்தால் முதல் சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. விளக்குச் சுடர் மட்டும் தெரியும். பிறகுதான் கல்லில் இருக்கும் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ட்யூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். பௌர்ணமி நிலவொளி ஒரு லக்ஸ்கூடத் தேறாது. இத்தனை பெரிய வித்தியாசத்தையும் மனிதக் கண் சமாளிக்கிறது. பாவை சுருங்கி விரிய சில விநாடி. விழித்திரை முழுசாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம்.

பழைய கேம்களால் இதைக் கணக்குப் போட முடியாது. காரணம் எளிது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை மட்டுமே எழுத முடியும். காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 255 ரூபாய்க்கு மேல் எந்தத் தொகையையும் எழுத முடியாத பேரேடு அது. சூரியனா? 255. வெள்ளையடித்த சுவரா? 255. ட்யூப்லைட்டா? அதுவும் 255. லட்சாதிபதியும் கோடீஸ்வரனும் ஒரே வரியில் :-)

தவறு அடுத்த கணக்கில்தான் வெளியே வரும். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தால் என்ன ஆகும்? பழைய பேரேட்டில் 255இல் பாதி 127. சாம்பல் நிறச் சூரியன்! மேட்டூர் அணைத் தண்ணீர் சூரிய ஒளியில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 255இல் 5 சதவீதம் 13. கிட்டத்தட்டக் கறுப்பு. நிஜத்தில் அந்தத் தண்ணீரை மத்தியானத்தில் யாராலாவது நேராகப் பார்க்க முடியுமா?

ஹெச்டிஆர் ஒளியமைப்பு செய்தது இவ்வளவுதான்: பேரேட்டை மாற்றியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16 பிட் தசம எண். அதில் 65,504 வரை எழுதலாம். சூரியனுக்கு 50,000 என்று எழுதினால் கண்ணாடிக்குப் பின்னால் 25,000, தண்ணீரில் 2,500. இரண்டுமே திரையின் எல்லைக்கு மேலே. ஆகவே இரண்டுமே கண்ணைக் கூசும். எல்லாக் கணக்கையும் முடித்த பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை, திரை தாங்கும் 256 படிகளுக்குள் சுருக்கிக் காட்டுகிறார்கள். இந்தச் சுருக்கத்துக்குப் பெயர் டோன் மேப்பிங். குகைக்குள் நுழையும்போது மெல்ல வெளிச்சம் கூடுவது போலக் காட்டுவது ஆட்டோ எக்ஸ்போஷர்.

ஆக ஹெச்டிஆர் ஒளி என்பது ஒரு கணக்கு முறை. பளபளப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சரியாகப் போட்ட கணக்கில் படம் சாதுவாகக்கூட இருக்கலாம்.

வந்த வழி

1997இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல முறை படமெடுத்து, அதிலிருந்து நிஜமான ஒளி அளவுகளை மீட்டெடுப்பது எப்படி என்பது விஷயம். மாலிக் மதுராவில் பிறந்து ஐஐடி கான்பூரில் படித்தவர். பெர்க்லியில் பேராசிரியர். அடுத்த வருஷமே டெபவெக் பளபளக்கும் உருண்டை ஒன்றைப் படமெடுத்து, அந்த இடத்தின் மொத்த ஒளியையும் பிடித்து, கம்ப்யூட்டரில் செய்த பொருள்கள் மேல் அதைப் பாய்ச்சிக் காட்டினார்.

2004இல் வந்த ஜீஃபோர்ஸ் 6 வரிசை கார்டுகளில் 16 பிட் தசமக் கணக்கை ஓட்ட வசதி வந்தது. 2005 அக்டோபரில் வால்வ் கம்பெனி "ஹாஃப் லைஃப் 2: லாஸ்ட் கோஸ்ட்" என்ற குட்டி அத்தியாயத்தை வெளியிட்டது. கடற்கரை, மலை, உச்சியில் ஒரு மடாலயம். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் இருட்டு, பிறகு மெல்லக் கண் பழகும். நாமக்கல் நரசிம்மர் சன்னதி அனுபவமேதான். விளையாடும்போதே இதை எப்படிச் செய்தோம் என்று செய்தவர்களே பேசும் ஒலிப்பதிவும் வைத்திருந்தார்கள். விற்பதோடு நிற்காமல் விளக்கவும் செய்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளவும். அதற்குப் பிறகு விளக்குவது குறைந்து விற்பது மட்டும் கூடிப்போனது.

முதல் குற்றச்சாட்டு: ப்ளூம் என்னும் வெள்ளையடிப்பு

மிகப் பிரகாசமான பொருளைப் பார்த்தால் கண்ணுக்குள்ளும் கேமரா லென்ஸுக்குள்ளும் ஒளி சிதறி, ஓரத்தில் புகை போலக் கசியும். இதைக் காட்டுவதுதான் ப்ளூம். நியாயமான விஷயம். ஆனால் சூரியன் எது, சுவர் எது என்று பேரேட்டில் தனித்தனியாக எழுதியிருந்தால்தான் அது சரியாக வரும்.

பல கம்பெனிகள் என்ன செய்தன? பேரேட்டை மாற்றாமல், வெளுப்பாக இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து மங்கலாக்கி மேலே பூசின. விளைவு: வெள்ளைச் சுவர் எரிகிறது. வெள்ளைச் சட்டை எரிகிறது. இதே முறையில் கட்சி மாநாட்டை வரைந்தால் கரை வேட்டி கட்டியவர்கள் அத்தனை பேரும் ட்யூப்லைட் மாதிரி மின்னுவார்கள்!

2005இல் வந்த "நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்" பிரவுசிங் சென்டர் காலத்தில் விளையாடாத பையன் உண்டா? ஊரே மஞ்சள் கஷாயத்தில் முக்கி எடுத்தது போல இருக்கும். ரோடும் பளபள, மேகமும் பளபள. 2012இல் வந்த "சிண்டிகேட்" கேமில் இது உச்சத்துக்குப் போய் ஊர் உலகமே கேலி செய்தது.

2006 மார்ச்சில் வந்த "ஆப்லிவியன்" இன்னொரு உதாரணம். அதன் செட்டிங்ஸில் ப்ளூம் அல்லது ஹெச்டிஆர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அன்றைய ஜீஃபோர்ஸ் கார்டுகளில் ஹெச்டிஆரைப் போட்டால், விளிம்புகளின் பிசிறை நீக்கும் ஆன்டி அலையாசிங் வேலை செய்யாது. அந்தக் கால மாணவன் ஒருவன் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கார்டில், பிசிறா பளபளப்பா என்று ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இதைக் கடையில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்த வியாபாரம் சேலத்துக்குப் புதிதும் இல்லை. ஜவ்வரிசி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து வரும் ஜவ்வரிசி இயல்பில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை கிடையாது. ஆனால் சந்தையில் வெள்ளைக்குத்தான் விலை. அதற்காகச் சில ஆலைகளில் வெளுக்கும் ரசாயனம் கலப்பதும், உணவுப் பாதுகாப்புத் துறை ரெய்டு அடித்து மூட்டைகளைப் பறிமுதல் செய்வதும் சேலம் மாவட்டத்தில் பலமுறை நடந்திருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருளின் நிலைமை இது. நேர்மையாக அரைத்தவனுடைய சரக்கு மங்கலாகத் தெரிகிறது, கலந்தவனுடையது பளிச்சென்று விற்கிறது. கேமில் ப்ளூம் செய்ததும் அச்சு அசல் இதே வேலைதான்.

மாற்று உதாரணமும் உண்டு. 2005இல் வந்த "ஷேடோ ஆஃப் தி கொலோஸஸ்" ஓடியது 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2இல். அந்தப் பெட்டிக்கு 16 பிட் தசமக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் குகையிலிருந்து வெளியே வரும்போது கண் கூசிப் பழகுகிற உணர்வைப் போலியாகவே கொண்டுவந்தார்கள். எங்கே கூச வேண்டும், எங்கே கூடாது என்று உட்கார்ந்து யோசித்ததால் அது நம்பும்படி இருந்தது. விலை உயர்ந்த கார்டு வைத்துக்கொண்டு யோசிக்காதவர்களைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது குற்றச்சாட்டு: ஒரே பெயர், மூன்று சரக்கு

இன்று ஹெச்டிஆர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன.

1. கேமுக்குள் ஒளியைக் கணக்குப் போடும் முறை. மேலே சொன்னது.
2. செல்போன் கேமராவில் பல எக்ஸ்போஷரை ஒட்டி ஒரு படமாக்குவது.
3. திரை. அதாவது சாதாரணத் திரையைவிட அதிகப் பிரகாசமும் ஆழ்ந்த கறுப்பும் காட்டக்கூடிய டிவி, மானிட்டர்.

மூன்றாவதில்தான் மோசடி ஜோராக நடக்கிறது. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஹெச்டிஆர் சிக்னலுக்கான அளவுகோல் 10,000 நிட் வரை போகிறது. நல்ல ஹெச்டிஆர் திரைகள் சின்னச் சின்ன இடங்களில் ஆயிரம் நிட்டும் அதற்கு மேலும் தரும். ஆனால் ஹெச்டிஆர் ஸ்டிக்கர் ஒட்டிய பட்ஜெட் டிவிகள் பல 250, 300 நிட்டைத் தாண்டாது. சாதாரண மானிட்டருடைய அளவே அதுதான்! பின்னே எப்படி ஹெச்டிஆர் என்கிறார்கள்? அந்த சிக்னலை "ஏற்றுக்கொள்ளும்" என்பதால். காட்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லையே! பத்து டன் லோடு ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் மூட்டை ஏற்றுகிற கதை.

தரச்சான்று கொடுக்கிறவர்களும் கொஞ்சம் பொறுப்பு. வெசா என்ற அமைப்பு 2017 டிசம்பரில் மானிட்டர்களுக்கு டிஸ்ப்ளே ஹெச்டிஆர் என்று தர வரிசை கொண்டுவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதன் அடிப்படிக்கட்டான 400க்கு உச்சப் பிரகாசம் 400 நிட் இருந்தால் போதும், திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்க வைக்கும் வசதி தேவையில்லை என்று வைத்தார்கள். அந்த வசதி இல்லாத எல்சிடி திரையில் ஒரு மூலையில் தீபம் எரிந்தால் மற்ற மூலையில் இருட்டும் சாம்பலாகும். 2024இல் விதிகளை இறுக்கினார்கள். அதற்குள் ஆறு வருஷம் ஸ்டிக்கர் ஓடிவிட்டது.

கேம் கம்பெனிகளும் சளைத்தவர்கள் இல்லை. 2018 அக்டோபரில் "ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2" ஹெச்டிஆர் திரை ஆதரவோடு வந்தது. அளந்து பார்த்தவர்கள், சாதாரணப் படத்தையே ஹெச்டிஆர் உறையில் போட்டு அனுப்பியது போலிருக்கிறது என்று போட்டு உடைத்தார்கள். ஹெச்டிஆரை ஆன் செய்தால் படம் மங்கிப்போனது! பெரிய கூச்சல் எழுந்த பிறகு 2019இல் அப்டேட் கொடுத்துப் புதிய ஹெச்டிஆர் தேர்வைச் சேர்த்தார்கள். உலகத்திலேயே அதிகச் செலவில் எடுத்த கேம்களில் ஒன்றுக்கே இந்தக் கதி.

மூன்றாவது குற்றச்சாட்டு: யாருடைய வெயில்?

கேம் எஞ்சின்கள் தயார் நிலையில் ஒரு டோன் மேப்பிங் வளைவோடு வருகின்றன. அன்ரியல் எஞ்சினில் 2017 முதல் இயல்பாக இருப்பது ஹாலிவுட்டின் ஏசஸ் முறையை ஒட்டிய சினிமா வளைவு. கெட்டது கிடையாது. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் எல்லாக் கேமும் ஒரே ஸ்டூடியோவில் கழுவிய படம் மாதிரி இருக்கும். அதற்கு மேல் வண்ணப் பூச்சு. வெப்ப நாடு என்றால் மஞ்சள் பூசு என்பது சினிமாவில் எழுதப்படாத விதி. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த "எக்ஸ்ட்ராக்ஷன்" படத்தில் டாக்கா நகரையே மஞ்சள் காமாலையில் காட்டியதற்குப் பலரும் திட்டினார்கள். கேம்களும் அதே பள்ளியில் படித்தவைதான்.

சேலம் வெயில் மஞ்சளா? ஏப்ரல் மத்தியானத்தில் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். மேக்னசைட் வெட்டிய மேடுகள் வெள்ளை வெளேர் என்று கண்ணில் குத்தும். வானம் நீலம் போய் வெளிறி நிற்கும். காலடியில் சின்னதாக, கன்னங்கரேல் என்று நிழல். புளியமரத்தடி நிழலுக்கும் வெளி வெயிலுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. இந்த வெளிச்சத்தை 255 படிப் பேரேட்டில் எழுதவே முடியாது. ஹெச்டிஆர் யாருக்காவது அவசியம் என்றால் அது சேலம், நாமக்கல் வெயிலுக்குத்தான். அதே நுட்பத்தை வைத்துக்கொண்டு திரும்பவும் மஞ்சள் பூசுவது வயிற்றெரிச்சல்.

வேடிக்கை என்னவென்றால், இதை மாற்றக் கோடிகள் தேவையில்லை. ஒரு இடத்தின் ஒளியைப் பிடிக்க வேண்டியது ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, ஒரு பளபளக்கும் உருண்டை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஊரிலேயே உருக்காலை வைத்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு உருண்டைக்கா பஞ்சம்? பாலி ஹேவன் என்ற தளத்தில் இப்படிப் பிடித்த வானங்களை யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்கர் ஒருவர் தொடங்கியது. யார் படம் எடுத்துப் பொதுவில் போடுகிறார்களோ அவர்கள் ஊர் வெயில்தான் உலகத்துக் கேம்களில் அடிக்கும். விஸ்காம் படிக்கும் மாணவர்கள் சங்ககிரி மலைக்கோட்டை, திருச்செங்கோடு, மேட்டூர் என்று பத்து இடத்து மத்தியானத்தைப் பிடித்துப் போட்டால், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அன்றைக்கே அது வேலை செய்யும்.

சொல்லப்போகும் சமாதானங்கள்

"கேம்தானே, ஜாலியா இருந்தா போதாதா?" போதும். 2023இல் வந்த "வெண்பா" கேமில் ஹெச்டிஆர் பந்தா எதுவும் இல்லை. கையால் வரைந்த படங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, ஒரு அம்மா. டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 2024இல் பாஃப்டா விருதும் ஐஜிஎஃப் பெரும்பரிசும் வாங்கியது. ஆக, பளபளப்பு இல்லாமலே ஜெயிக்கலாம். இங்கே சண்டை, வாங்காத பொருளுக்குக் காசு வாங்குவது பற்றி.

"மக்களுக்கு மினுக்கல்தான் பிடிக்கிறது" என்பார்கள். வெள்ளை ஜவ்வரிசியும் மக்களுக்குப் பிடித்துத்தான் விற்றது. பிடிக்கிறது என்பதற்காக எதைக் கலந்தாலும் சரி என்றாகுமா?

"விலை குறைந்த டிவியில் வேறென்ன எதிர்பார்க்கிறாய்?" விலைக்கேற்ற சரக்கையே எதிர்பார்க்கலாம். கூடவே உண்மையான பெயரையும் எதிர்பார்க்கலாம். 300 நிட் டிவியை 300 நிட் டிவி என்று விற்றால் யாருக்கும் சண்டை இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

ஃப்ரிட்ஜ் மீதும் ஏசி மீதும் நட்சத்திர லேபிள் ஒட்டியிருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று எண்ணில் எழுதியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர லேபிள் கட்டாயம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டில்கூட எத்தனை கிராம் என்று அச்சிட்டாக வேண்டும். பல ஆயிரம் ரூபாய் டிவியில் மட்டும் "ஹெச்டிஆர்" என்ற வெறும் வார்த்தை போதுமா? உச்சப் பிரகாசம் எத்தனை நிட், பகுதி பகுதியாக மங்கும் வசதி உண்டா இல்லையா. இந்த இரண்டு வரி பெட்டியின் மேல் கட்டாயமாக வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பி.காம் மாணவர்கள் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. பொய் சொல்வது மட்டும் அதில் அடங்கவில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடக்கம். முதல் முறைக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நிட் எண்ணை மறைத்து ஹெச்டிஆர் என்று அச்சிடுவது இந்த விளக்கத்துக்குள் வருமா வராதா என்று யாராவது ஒரு புகார் போட்டுப் பார்க்கட்டும். பதில் எப்படி வந்தாலும் லாபம்தான்.

அதுவரை வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, "எத்தனை நிட்?" என்று கேட்பது. பதில் வராவிட்டால் எண் சாதாரணம் என்று அர்த்தம். இரண்டு, கடைக்காரர் ஓட்டும் பூந்தோட்ட டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, இருட்டு அறையில் ஒரே ஒரு விளக்கு எரிகிற காட்சியைப் போடச் சொல்வது. விளக்கு ஜொலித்து, சுற்றியுள்ள இருட்டு இருட்டாகவே இருந்தால் காசு கொடுக்கலாம். இருட்டு முழுக்கச் சாம்பல் பூத்தால் அந்த ஸ்டிக்கருக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.